கல்லூரிப் பாடக் கோப்புகளுக்கு இன்னொரு படி எங்கே இருக்கிறது?

முன்பெல்லாம் ஒரு பி.காம். மாணவனின் மூன்று வருடப் படிப்பும் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கும். ஆசிரியர் கைப்பட எழுதிய குறிப்புகள் அங்கே ஒரு ஃபைலில் கிடக்கும். பரீட்சைக்கு முந்தின நாள் போய்ப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியரிடம் இருந்த மூலம் தொலைந்தால்கூடப் பரவாயில்லை, வகுப்பில் அறுபது பேர் இருந்தால் அறுபது நகல் இருக்கும். அதற்கு அடுத்த வருட மாணவர்கள் அந்த நகலிலிருந்து நகல் எடுப்பார்கள். எழுத்து மங்கிப்போகும், ஓரம் வெட்டுப்படும், ஆனால் பாடம் அழியாது. யாரும் திட்டம் போடாமலே நடந்த பாதுகாப்பு அது.

இன்றைக்கு அந்த ஃபைல் இணையத்துக்குப் போய்விட்டது. மூடுல், கூகுள் கிளாஸ்ரூம் என்று ஏதோ ஒரு தளத்தில் ஆசிரியர் பாடத்தை ஏற்றுகிறார். மாணவர்கள் அங்கேயே படிக்கிறார்கள், அங்கேயே அசைன்மென்ட் சமர்ப்பிக்கிறார்கள், அங்கேயே வினாடி வினா எழுதுகிறார்கள், மதிப்பெண்ணும் அங்கேயே ஏறுகிறது. வசதிதான், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அறுபது பேர் கையில் இருந்த அறுபது நகல் போய், அறுபது பேரும் எட்டிப் பார்க்கும் ஒரே ஒரு பிரதி மிஞ்சியிருக்கிறது. தொழில்நுட்பம் வளர்ந்ததும் பாடத்தின் பிரதிகள் பெருகியிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ்!

இந்தக் கவலை உடன்குடி பக்கத்துக்காரர்களுக்கு மற்றவர்களை விடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்க வேண்டும். காரணம் 2023 டிசம்பர்.

அந்த மாதம் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 18-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ., திருச்செந்தூரில் சுமார் 69 செ.மீ. மழை பதிவானது. ஒரு வருடத்தில் பெய்ய வேண்டியது ஒரே நாளில் கொட்டியது என்று சொன்னால் மிகையில்லை. தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு வந்தது. குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, நூற்றுக்கணக்கான பயணிகள் நாள் கணக்கில் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை. வீடுகளுக்குள் புகுந்த தண்ணீர் பாடப் புத்தகம், ரேஷன் கார்டு, மதிப்பெண் சான்றிதழ் என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

சான்றிதழ் நனைந்து போனவர்களுக்கு நகல் சான்றிதழ் கொடுக்க அரசு ஏற்பாடு செய்தது. இது எப்படி முடிந்தது என்று யோசித்துப் பார்த்தால் விஷயம் புரியும். அந்த மாணவனின் மதிப்பெண் வேறொரு ஊரில், வேறொரு பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது. வீட்டில் இருந்தது ஒரு பிரதி மட்டுமே. மூலமும் அதே வீட்டுப் பரணில் இருந்திருந்தால் எந்த முகாம் நடத்தியும் பயனில்லை.

சரி, இப்போது ஒரு கல்லூரியின் மூடுல் சர்வர் தரைத்தளத்துக் கணினி ஆய்வகத்தில், மேசைக்கு அடியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். (சிறிய கல்லூரிகளில் 'சர்வர் ரூம்' என்பது பல நேரங்களில் ஏசி போட்ட ஒரு மூலைதான்.) அதன் பேக்கப் எங்கே? அதே கணினியில் இன்னொரு டிரைவில். அல்லது பக்கத்து பீரோவில் வைத்த ஒரு ஹார்ட் டிஸ்கில். தண்ணீர் வந்தால் சர்வருக்கு ஒரு நியாயம், பீரோவுக்கு ஒரு நியாயம் என்று பார்க்குமா?

மூடுலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பெண்ணங்கள் அதிகம் இருப்பது அங்கேதான். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமஸ் என்பவர் உருவாக்கி, 2002 ஆகஸ்டில் முதல் பதிப்பாக வெளிவந்த கட்டற்ற மென்பொருள் இது. காசு கொடுக்காமல் எந்தக் கல்லூரியும் தன் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம் என்பதால் உலகம் முழுக்கப் பரவியது. இந்தியாவில் பொறியியல் கல்லூரிகளில் ஆரம்பித்து கலை அறிவியல் கல்லூரிகள் வரை வந்துவிட்டது.

இதில் ஒவ்வொரு பாடத்துக்கும் 'பேக்கப்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதை அழுத்தினால் அந்தப் பாடத்தின் பக்கங்கள், கோப்புகள், வினாக்கள் எல்லாவற்றையும் கட்டி ஒரே கோப்பாக, .எம்பிஇசட் என்ற பின்னொட்டோடு தந்துவிடும். ஆசிரியர் அதை ஒரு தடவை அழுத்தி, 'வெற்றிகரமாக முடிந்தது' என்ற பச்சை வரியைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார். பாதி ஏமாற்றம் இங்கேதான் நடக்கிறது.

மூடுல் வழக்கமாக வரும் அமைப்பின்படி, ஒரு சாதாரண ஆசிரியர் எடுக்கும் பேக்கப்பில் மாணவர்களின் தரவு சேராது! அந்த உரிமை மேலாளர் நிலையில் இருப்பவருக்கு மட்டும்தான். ஆசிரியர் ஏற்றிய பாடம் இருக்கும். மாணவர்கள் சமர்ப்பித்த அசைன்மென்ட் இருக்காது, வினாடி வினா விடைகள் இருக்காது, மதிப்பெண் இருக்காது. இது மென்பொருளின் குறை அல்ல. மாணவர்களின் மதிப்பெண்ணை ஒவ்வொருவரும் மூட்டை கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே வைத்த பூட்டு. நல்ல பூட்டுதான். ஆனால் பூட்டு இருக்கிறது என்பதே தெரியாமல் உள்ளே எல்லாம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர்?

அடுத்தது, அந்த .எம்பிஇசட் கோப்பு எங்கே சேமிக்கப்படுகிறது என்பது. தரவிறக்கம் செய்து வெளியே எடுக்காத வரை அது அதே சர்வரில், அதே மூடுலுக்குள்தான் உட்கார்ந்திருக்கும். வீட்டுச் சாவியின் மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்துவது போல.

பாடம் பாடமாக எடுப்பது ஒரு வகை. தளம் முழுவதையும் எடுப்பது இன்னொரு வகை. தளத்துக்கு மூன்று பாகம் உண்டு: மூடுலின் நிரல், எல்லாப் பதிவுகளும் இருக்கும் தரவுத்தளம், பதிவேற்றிய கோப்புகள் கிடக்கும் 'மூடுல்டேட்டா' என்ற அடைவு. நிரல் போனால் மறுபடி தரவிறக்கிக்கொள்ளலாம். மற்ற இரண்டும்தான் உயிர். இந்த இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதுதான் பலருக்கும் பிடிபடாத விஷயம். 2010-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து மூடுல் கோப்புகளை அவற்றின் சொந்தப் பெயரில் வைப்பதில்லை. 'நிறுமச் சட்டம் அலகு 2' என்று ஏற்றினாலும் உள்ளே அது நாற்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரமாகத்தான் கிடக்கும். கோப்பின் உள்ளடக்கத்தைக் கணக்குப் போட்டு வரும் சரம் அது. ஒரே பாடக் குறிப்பைப் பத்து ஆசிரியர்கள் ஏற்றினாலும் வட்டில் ஒரு தடவைதான் இடம் பிடிக்கும், நல்ல சிக்கனம். ஆனால் எந்தச் சரம் எந்தக் கோப்பு, யாருடையது, எந்தப் பாடத்தில் இருந்தது என்பதெல்லாம் தரவுத்தளத்தில் மட்டும்தான் இருக்கிறது.

ஆகவே கோப்புகளை மட்டும் பத்திரமாகக் காப்பி எடுத்துத் தரவுத்தளத்தை விட்டுவிட்டால் என்ன மிஞ்சும்? உடன்குடியில் கருப்பட்டி மண்டிக்குள் நூறு மூட்டை இருக்கிறது, எந்த மூட்டையிலும் பெயர் இல்லை, கணக்கு நோட்டும் இல்லை என்றால் எப்படி இருக்கும், அப்படித்தான். சரக்கு இருக்கிறது. யாருடைய சரக்கு, என்ன விலை, யாருக்கு எவ்வளவு பாக்கி, ஒன்றும் தெரியாது. தரவுத்தளத்தை மட்டும் எடுத்துவிட்டுக் கோப்புகளை விட்டாலோ இதற்கு நேர் எதிர். நோட்டில் எல்லாம் எழுதியிருக்கும், மண்டி காலி.

தெரியாமல் ஏதாவது நீக்கிவிட்டால் எடுத்துக்கொள்ள ஒரு குப்பைத்தொட்டி வசதியும் 2016-இல் வந்த 3.1 பதிப்பிலிருந்து இருக்கிறது. வழக்கமான அமைப்பில் ஒரு வாரம் வைத்திருக்கும். ஒரு வாரம் என்பது பொங்கல் விடுமுறைக்குக்கூடப் போதாது. விடுமுறைக்கு முன் தவறுதலாக நீக்கிய அசைன்மென்டை விடுமுறை முடிந்து வந்து தேடினால் தொட்டி காலியாகியிருக்கும். நாட்களைக் கூட்டி வைக்க நிர்வாகிக்கு ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தை யாராவது செலவழித்தார்களா என்பதுதான் கேள்வி.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, வெறும் அசைன்மென்ட் தானே என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலான கலை அறிவியல் கல்லூரிகளில் ஒரு தாளின் நூறு மதிப்பெண்ணில் 25 அக மதிப்பெண். அந்த 25-க்கு ஆதாரம் என்ன? உள்தேர்வு, அசைன்மென்ட், வினாடி வினா. காகிதத்தில் எழுதிய காலத்தில் விடைத்தாள் கட்டாகத் துறை அலுவலகத்தில் இருக்கும். மாணவி ஒருத்தி, "எனக்கு ஏன் 14?" என்று கேட்டால் கட்டைப் பிரித்துக் காட்டலாம். இப்போது தளம் போய்விட்டால் கேட்பதற்கும் ஆதாரம் இல்லை, காட்டுவதற்கும் ஆதாரம் இல்லை. உடன்குடியிலிருந்து தினமும் பஸ் பிடித்துத் திருச்செந்தூருக்கோ தூத்துக்குடிக்கோ போய்ப் படிக்கிற, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு அந்தப் பத்து மதிப்பெண் முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்பதைத் தீர்மானித்துவிடும். "சர்வர் போயிட்டும்மா, எல்லாருக்கும் சராசரி போட்டுட்டோம்" என்று சொல்லிவிட்டால் உழைத்தவளுக்கும் உழைக்காதவளுக்கும் என்ன வித்தியாசம்?

இந்த இடத்தில் வணிகவியல் படிப்பவர்களுக்கு ஒரு ஒப்பீடு தன்னால் தோன்ற வேண்டும். நிறுமங்களின் கணக்குப் புத்தகங்களுக்கு இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது? 2013-ஆம் ஆண்டு நிறுமங்கள் சட்டத்தின் 128-ஆம் பிரிவின்படி எட்டு நிதியாண்டுகளுக்குப் புத்தகங்களைப் பாதுகாக்க வேண்டும். கணக்கை மின்னணு முறையில் வைத்திருந்தால் அதன் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் வைக்கப்பட வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டுக் கணக்கு விதிகள் சொல்கின்றன. முதலில் அந்த விதியில் 'குறிப்பிட்ட கால இடைவெளியில்' என்று இருந்தது. 2022 ஆகஸ்டில் அதைத் திருத்தி 'தினந்தோறும்' என்று ஆக்கினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதை மாற்றினாலும் அந்தத் தடம் பதிவாக வேண்டும், அதை அணைத்து வைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பதும் கட்டாயமானது.

ஒரு தனியார் நிறுமம் வாங்கிய பேனாவுக்கும் பென்சிலுக்கும் தினசரி பேக்கப் கட்டாயம். அந்தப் பாடத்தையே வகுப்பில் நடத்துகிற கல்லூரியில், மாணவனின் மூன்று வருட உழைப்புக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. தணிக்கை என்று ஒரு தாளையே எழுதிப் பாஸ் பண்ணுகிற மாணவர்களின் மதிப்பெண் பேரேட்டைத் தணிக்கை செய்ய ஆள் இல்லை என்பது விநோதம்தான் :-)

பேக்கப் எடுத்துவிட்டோம் என்பதோடு கதை முடிவதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அந்தப் பேக்கப்பிலிருந்து மீட்டெடுக்க முடிகிறதா என்று ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டும்.

இதற்கு உலகமே பார்த்த உதாரணம் கிட்லேப் நிறுவனம். மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரலைப் போட்டு வைக்கும் தளம் அது. 2017 ஜனவரி 31 இரவு, களைத்துப்போன ஒரு பொறியாளர் தவறான சர்வரில் நீக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சில நொடிகளில் சுதாரித்து நிறுத்தினாலும் சுமார் 300 ஜிகாபைட் தரவுத்தளத்தில் கிட்டத்தட்ட எல்லாம் போய்விட்டது. பேக்கப் முறைகள் ஒன்றல்ல, ஐந்து வைத்திருந்தார்கள். ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை! தினசரி எடுக்க வேண்டிய நகல், மென்பொருள் பதிப்புப் பொருந்தாததால் நாட்கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றுவிட்டது என்று எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் தற்செயலாக எடுத்து வைத்த பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. பாராட்ட வேண்டியது என்னவென்றால், நடந்ததை எல்லாம் மறைக்காமல் அன்றைக்கே பொதுவில் எழுதினார்கள்.

கல்வி நிறுவனத்தில் நடந்ததும் உண்டு. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் மீக்கணினியின் பேக்கப் நிரலே கோளாறு செய்து, சுமார் 77 டெராபைட் ஆராய்ச்சிக் கோப்புகளை அழித்துவிட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை. அதைவிடப் பெரியது தென்கொரியாவில் நடந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் தீ. அரசு ஊழியர்கள் கோப்பு வைத்திருந்த பொதுச் சேமிப்பகத்தின் 858 டெராபைட் சாம்பலானது. அதற்கு வெளி பேக்கப் கிடையாது. காரணமாகச் சொல்லப்பட்டது, அளவு மிகப் பெரியது என்பது! பெரியது என்பதாலேயே அதைக் காக்க முடியவில்லை என்று தகவல் தொழில்நுட்பத்தில் உலகத்துக்கே பாடம் எடுக்கும் நாடு சொன்னது.

மூடுலில் மீட்டெடுப்பதற்கும் சில சிக்கல்கள் உண்டு. புதிய பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்பில் ஏற்ற முடியும் என்று நம்பக் கூடாது. காணொளிகளை எல்லாம் பாடத்துக்குள்ளேயே ஏற்றி வைத்தால் பேக்கப் கோப்பு இரண்டு, மூன்று ஜிபி ஆகிவிடும். சர்வரில் பதிவேற்ற வரம்பு நூறு எம்பி என்று வைத்திருப்பார்கள். எடுத்த கோப்பைத் திரும்ப ஏற்றும்போது கதவு சின்னது, கட்டில் பெரியது என்ற கதையாகிவிடும். சர்வருக்குள் நேரடியாகக் கோப்பை வைத்து மீட்கும் வழி இருக்கிறது. ஆனால் அதைப் பதற்றமான நாளில் முதல் தடவையாகக் கற்றுக்கொள்ள முடியாது.

"நாங்கள் மூடுல் வைத்திருக்கவில்லை, எல்லாம் கூகுளில் இருக்கிறது, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்பது இன்னொரு தரப்பு. 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்கள் தஞ்சம் புகுந்தது அங்கேதான். 2021-இல் ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்குத் தினமும் 2 ஜிபி டேட்டா அரசே இலவசமாகக் கொடுத்தது. அந்த டேட்டாவில் ஏற்றியதெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

கூகுளின் வட்டு கெட்டுப்போய்க் கோப்பு அழிவது அபூர்வம் என்பது உண்மைதான். அந்த விஷயத்தில் மேசைக்கு அடியில் இருக்கும் சர்வரை விட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் வட்டு கெடுவது மட்டுமே ஆபத்து அல்ல. கிளாஸ்ரூமில் ஒரு வகுப்பை நகலெடுத்தால் பாட வேலைகள் வரும், மாணவர்கள் செய்த வேலை வராது. கல்லூரிக் கணக்கில் இருக்கும் கோப்புகள் கல்லூரிக் கணக்கோடு சேர்ந்தே வாழும், சேர்ந்தே சாகும். ஆசிரியர் வேறு கல்லூரிக்கு மாறினால் அவர் கணக்கை நீக்குவார்கள். மாணவர் படித்து முடித்தால் அவர் கணக்கும் ஒரு நாள் போகும். கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாமல் கொடுத்துவந்த இடத்தை நிறுவனத்துக்கு 100 டெராபைட் என்று அடிப்படை வரம்புக்குள் கொண்டுவருவதாக 2021-இல் கூகுள் அறிவித்து, 2022 முதல் நடைமுறைப்படுத்தியது. அதற்குப் பிறகு உலகெங்கும் பல பல்கலைக்கழகங்கள் பழைய மாணவர்களின் கணக்குகளைச் சுருக்கின, சிலவற்றை மூடின. இலவசமாக வந்தது இலவசமாகவே போகும்.

2024 மே மாதத்தில் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியத்தின் மேகக் கணக்கு கூகுள் தரப்பில் நடந்த ஒரு அமைப்புப் பிழையால் மொத்தமாக நீக்கப்பட்டது. இரண்டு இடங்களில் வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே கணக்கின் கீழ் இருந்ததால் இரண்டும் போயின. வேறொரு நிறுவனத்திடம் தனியாக ஒரு பேக்கப் வைத்திருந்ததால் மீண்டார்கள். வேறு இடத்தில் வைத்தால் மட்டும் போதாது, வேறு கையிலும் இருக்க வேண்டும் என்பது அதில் தெரிந்தது.

நம் ஊருக்கு இதெல்லாம் புதிய அறிவா என்றால், இல்லை. பனை ஓலையில் எழுதிய காலத்தில் ஏடு பழையதானால், செல்லரிக்கும் முன் புது ஓலையில் பெயர்த்து எழுதினார்கள். அதற்குப் படி எடுத்தல் என்று பெயர். உடன்குடியைச் சுற்றி நிற்கும் பனைமரத்தின் ஓலை கருப்பட்டி கட்டுவதற்கு மட்டும் பயன்பட்டதல்ல. படி எடுக்காமல் விட்டவை மண்ணாய்ப் போயின. படி எடுத்து வெவ்வேறு ஊரில் இருந்தவை பிழைத்தன. உ.வே.சாமிநாதையர் இதே தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று கவிராயர் வீடு வீடாகப் பத்துப்பாட்டு ஏடுகளைத் தேடி அலைந்தார். ஒரு ஏட்டில் இல்லாத அடி இன்னொரு ஏட்டில் கிடைத்தது. குறிஞ்சிப்பாட்டில் விடுபட்டிருந்த சில அடிகள் கடைசியில் தருமபுரம் மடத்துச் சுவடியில் கிடைத்தன. இரண்டாயிரம் வருடப் பாட்டு முழுசாக நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் ஒரே ஒரு நல்ல பிரதி அல்ல, பல ஊர்களில் சிதறிக் கிடந்த அரைகுறைப் பிரதிகள்.

கணினிக்காரர்கள் இதையே மூன்று-இரண்டு-ஒன்று என்கிறார்கள். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்றாவது வேறு இடத்தில். பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய கணக்கு இது. இந்தப் பகுதிக்கு இதில் ஒரு திருத்தம் தேவை. 'வேறு இடம்' என்றால் பக்கத்து ஊர் அல்ல. 2023 டிசம்பரில் திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஏரல், திருச்செந்தூர், காயல்பட்டினம் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரில் நின்றன. திருச்செந்தூர் சர்வரின் பேக்கப்பை ஏரலில் வைப்பது வெளியூரில் வைத்ததாக ஆகாது. மதுரையோ கோவையோ, குறைந்தபட்சம் வேறொரு ஆற்றின் கரையாக இருக்க வேண்டும்.

செலவைப் பற்றிச் சொல்கிறார்கள். ஒரு நடுத்தரக் கல்லூரியின் மொத்தப் பாடக் கோப்பும் சில நூறு ஜிபிக்குள் அடங்கும், காணொளிகளை வெளியே வைத்தால் அதிலும் பாதி. சில ஆயிரம் ரூபாய் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி மாற்றி மாற்றி வெளியூருக்கு அனுப்பினாலே பாதி வேலை முடிந்தது. ஆண்டு விழாவுக்குப் போடும் பந்தல் செலவைவிடக் குறைவு. குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதற்குச் சில கிலோமீட்டர் தள்ளிப் படிக்கிற பிள்ளைகளின் கோப்புக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்க வசதியில்லை என்றால் நம்பும்படியாக இல்லை.

உண்மையான பிரச்சினை பணமல்ல, பொறுப்பு. கணினித் துறை ஆய்வக உதவியாளர் ஒருவர் தன் வேலையோடு வேலையாக இதையும் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். தேர்வு நெறியாளருக்கு விடைத்தாள் கட்டுகளுக்குப் பொறுப்பு இருப்பது போல, பாடத் தளத்துக்கு ஒருவர் பெயர் எழுத்தில் இருக்க வேண்டும். கடைசியாக எப்போது மீட்டெடுத்துப் பார்த்தார் என்ற தேதியை முதல்வரின் மேசையில் வைக்க வேண்டும். நாக் குழு வரும்போது காட்டும் கோப்புகளில் அந்தத் தேதியும் ஒன்றாக இருந்தால் மறுநாளே எல்லாக் கல்லூரியும் செய்துவிடும் என்பது வேறு விஷயம்.

இன்னொரு பக்கத்து வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. பிரதிகள் பெருகப் பெருகக் கசிவும் பெருகும். மதிப்பெண், செல்பேசி எண், முகவரி எல்லாம் இருக்கும் முழு பேக்கப்பை ஒரு பென் டிரைவில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு அலைவது பேக்கப் எடுக்காமல் இருப்பதைவிட மோசம். மத்திய அரசின் தீக்‌ஷா செயலி சேமித்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் விவரங்கள் பூட்டில்லாத மேகச் சேமிப்பகத்தில் கிடந்தது 2023 ஜனவரியில் செய்தியானது. ஆகவே மாணவர் தரவு உள்ள பேக்கப்பைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும். எத்தனை வருடம் வைத்திருப்பது, எப்போது அழிப்பது என்பதும் முன்பே முடிவாக வேண்டும். படித்து முடித்துப் போய்ப் பத்து வருடமான ஒருவரின் முதலாம் ஆண்டு அசைன்மென்ட் கல்லூரிக்கு எதற்கு?

கல்லூரி செய்யட்டும் என்று மாணவர்கள் கைகட்டி நிற்கவும் தேவையில்லை. சமர்ப்பிக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் தன் கையில் ஒரு பிரதி, சமர்ப்பித்ததும் வரும் உறுதிச் செய்தியின் ஒரு படம், பருவம் முடிந்ததும் மதிப்பெண் பக்கத்தின் ஒரு பிடிஎஃப். இவ்வளவு இருந்தால் எந்த சர்வர் மூழ்கினாலும் பேச்சுக்கு ஆதாரம் இருக்கும். கோப்புக்குப் பெயர் வைப்பதும் முக்கியம். 'புதியது', 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'இதுதான் ஃபைனல்' என்று நான்கு கோப்பு வைத்திருப்பவரிடம் பேக்கப் இருந்தும் இல்லாததுதான். பதிவு எண், தாள், தேதி இந்த மூன்றும் பெயரில் இருந்தால் போதும்.

கல்லூரிக் கணக்கில் கூகுள் வைத்திருப்பவர்கள் கடைசிப் பருவத் தேர்வுக்கு முன்பே தங்கள் கோப்புகளை எடுத்துக்கொள்வது நல்லது. 'டேக்அவுட்' என்ற வசதியை நிர்வாகி அனுமதித்திருந்தால் மொத்தமாக எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகத்தான். மாற்றுச் சான்றிதழ் வாங்கிய பிறகு கேட்டால் கணக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.